பஸ் பாஸில் இருக்கும் இரண்டு ப

2024-ஆம் ஆண்டு காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாளில் அதுவரை நான் பார்த்திராத ஒரு பிழையைப் பார்த்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஒன்றரைப் பக்க விடையில் அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. ஆனால் ஏழெட்டுச் சொற்களுக்கு ஒரு முறை ஏதாவது ஒரு சொல் வால் அறுந்து நின்றது. அம்மாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் கடைசி எழுத்தான ஆர் இல்லை. பள்ளியைக் குறிக்கும் சொல்லில் கடைசி எல் இல்லை. அதே சொற்கள் விடையின் வேறு இடங்களில் முழுமையாகவே இருந்தன. கவனக்குறைவு என்றால் இவ்வளவு ஒழுங்காக வராது. தெரியாமை என்றால் இன்னோர் இடத்தில் சரியாக வந்திருக்காது.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, எதைப் பார்த்துப் படித்தாய் என்று கேட்டேன். பைக்குள்ளிருந்து எட்டாக மடித்த ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தான். மெல்லக் கற்போருக்கென்று நாங்களே தயாரித்துக் கொடுத்த மினிமம் மெட்டீரியல்தான் அது. கடையில் நகலெடுத்தபோது தாள் சற்று விலகிவிட்டதால், வலது ஓரத்தில் ஒவ்வொரு வரியின் கடைசி எழுத்தும் வெட்டுப்பட்டிருந்தது. அந்தத் தாளில் எந்தெந்தச் சொற்களுக்கு வால் இல்லையோ, அதே சொற்களுக்கு அவன் விடையிலும் வால் இல்லை. அவன் அந்த விடையைப் படிக்கவே இல்லை. ஒரு பெரிய கோலத்தைப் புள்ளி பிசகாமல் மனத்தில் வாங்கிக்கொண்டு வேறொரு வாசலில் போடுவதுபோல, ஒன்றரைப் பக்க எழுத்துகளை உருவமாக மனத்தில் ஏற்றி, தேர்வறையில் உட்கார்ந்து வரைந்திருக்கிறான். அதற்கு அவன் எத்தனை இரவு விழித்திருப்பான் என்று நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்து, முதல் வரியைப் படிக்கச் சொன்னேன். விரலை முதல் சொல்லின் கீழே வைத்தான். முந்திரி உடைக்கும் வீட்டுப் பிள்ளை. ஓட்டுப் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருந்தது. அந்த விரல் நகரவேயில்லை.

"படிக்க வராது மிஸ். எழுதச் சொன்னா எழுதிடுவேன்" என்றான்.

கடலூர் மாவட்டத்தின் உள்ளே, முந்திரித் தோப்புகளுக்கும் பலா மரங்களுக்கும் நடுவே இருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கிலப் பட்டதாரி ஆசிரியர். ஆங்கிலத் துறை என்று எங்கள் பள்ளியில் பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. யாரும் துறை என்று சொல்வதும் இல்லை. இங்கிலீஷ் ஸ்டாஃப் என்றுதான் சொல்வார்கள். ஆசிரியர் அறையின் ஜன்னலோர மேசை ஒன்று, கதவு சரியாக மூடாத பச்சை நிற இரும்பு பீரோ ஒன்று, ஆறு முதல் பத்து வரை பாடம் எடுக்கும் பட்டதாரி ஆசிரியர்கள் மூவர், மேல்நிலை வகுப்புகளுக்கு ஒரு முதுகலை ஆசிரியர். இவ்வளவுதான் நாங்கள். நால்வரில் ஒருவருடைய இடம் ஓராண்டு முழுக்கக் காலியாக இருந்து, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக ஆசிரியை ஒருவர்தான் அந்த வகுப்புகளைப் பார்த்துக்கொண்டார்.

ஆள் குறைவு என்றாலும் பள்ளியில் எங்கள் கைக்கு வராத பிள்ளை ஒருவர்கூட இல்லை. 1968 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழித் தீர்மானத்திலிருந்து, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிக்குள் நுழையும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழோடு ஆங்கிலமும் உண்டு. கணக்குப் பிடிக்காதவர் மேல்நிலையில் வேறு பிரிவு எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தை விட்டுவிட வழியில்லை. 2012-13 கல்வியாண்டிலிருந்து அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகியபின் எங்கள் பொறுப்பு இன்னும் கூடியது. ஆங்கிலவழிப் பிரிவில் ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியவில்லை என்றால், அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்தே அவருக்குப் பூட்டிக்கொள்கின்றன. அறிவியல் ஆசிரியர் நல்ல தமிழில் விளக்கிவிடுவார், பிள்ளைக்கும் புரிந்துவிடும், ஆனால் புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரியும் உள்ளே போகாது.

அந்த ஜெராக்ஸ் தாளைப் பற்றி நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு நூறு மதிப்பெண், தேர்ச்சிக்கு 35. இரண்டு தாள்களாக இருந்ததை 2019-20 முதல் ஒரே தாளாக்கினார்கள். அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண் தனியாக உண்டு. ஆங்கிலத்தில் நூறும் எழுத்துக்கே. ஒரு பிள்ளை வாய்விட்டு ஒரு பத்தி வாசிப்பதற்கோ, நான்கு வாக்கியம் பேசுவதற்கோ அங்கே ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. மனப்பாடச் செய்யுள், முன்கூட்டியே எதிர்பார்க்கக்கூடிய கடிதம், வார்ப்புரு மாறாத விளம்பரம், படத்தைப் பார்த்து ஐந்து வரி என்று சேர்த்தால் 35-ஐத் தொட்டுவிடலாம் என்பது எங்களுக்குத் தெரியும். தேர்ச்சி விழுக்காட்டுக்காக மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்லும் தலைமையாசிரியருக்கும் அது தெரியும். அதற்காகத்தான் அந்தத் தாள்கள். நானும் பல ஆண்டுகள் அவற்றைத் தயாரித்திருக்கிறேன். தேர்ச்சி பெறாத பெண்பிள்ளைக்கு அடுத்த தை மாதத்தில் கல்யாணம் பேசிவிடுகிற ஊரில், 35 என்பது அற்பமான எண் அல்ல. அதனால் அந்தத் தாள்களைத் தயாரித்ததற்கு நான் வெட்கப்படவில்லை. ஆனால் அவற்றைக் கொடுத்துவிட்டு, பிள்ளை அதைப் படிக்கிறதா என்று ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்காமல் இருந்தோமே, அதற்கு வெட்கப்படுகிறேன்.

அந்த வாரமே கேட்டேன். மதிய உணவு இடைவேளையிலும் விளையாட்டு வகுப்பிலும் புங்க மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒன்பதாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொருவராக அழைத்து அதே ஐந்தாம் வகுப்புப் பத்தியைப் படிக்கச் சொன்னேன். மற்றவர்கள் காதில் விழாத தூரத்தில் நடந்ததால் பிள்ளைகள் மறைக்காமல் சொன்னார்கள். ஏறக்குறைய பாதிப் பேர் தடங்கலில்லாமல் படித்தார்கள். மீதிப் பேரில் சிலர் தெரிந்த சொற்களை மட்டும் பொறுக்கிச் சொன்னார்கள். சிலர் எழுத்துகளின் பெயரை வரிசையாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள், சொல்லை நான் சொல்ல வேண்டும் என்பதுபோல.

கொரோனாதான் காரணம் என்று ஆசிரியர் அறையில் உடனே சொன்னார்கள். அதில் உண்மை இருக்கிறது. 2024-25-இல் ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்கள், 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது நான்காம் வகுப்பின் முடிவில் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்பை அவர்கள் வகுப்பறையில் படிக்கவே இல்லை. 2021 நவம்பர் 1-ஆம் தேதி திரும்பி வந்தபோது ஆறாம் வகுப்பில் ஐந்து மாதம் போயிருந்தது. இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ஒலிக்கப் பழக வேண்டிய வயதில் அவர்கள் கையில் செல்போன் இருந்தது, அல்லது அதுவும் இல்லாமல் இருந்தது. ஆனால் 2020-க்கு முன்னால் என்னிடம் படித்த பிள்ளைகளின் முகங்களையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்த பிள்ளைகள் அப்போதும் இருந்தார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்ததால் கடைசி பெஞ்சு என்று நாங்கள் பெயர் வைத்துக்கொண்டோம்.

காரணத்தை எனக்குத் தெளிவாக்கியவர் ஆங்கில ஆசிரியர் அல்லர், எங்கள் தமிழய்யா. மேசையில் நான் புலம்பிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "டீச்சர், நம்ம பிள்ளைக்கு எழுத்துன்னா அதோட பேரும் ஒலியும் ஒண்ணுதானே?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் பலவும் விளங்கியது. தமிழில் 'க' என்ற எழுத்தின் பெயரே அதன் ஒலி. ப, ட, ம் என்று மூன்று எழுத்துகளின் பெயரைச் சொன்னால் படம் என்ற சொல் வாயில் தானாக வந்து நிற்கிறது. இந்தப் பழக்கத்தோடு ஆங்கிலத்துக்கு வரும் குழந்தை, பி, யூ, எஸ் என்று எழுத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சொல் வரும் என்று காத்திருக்கிறது. பியூஎஸ் என்றுதான் வருகிறதே தவிர, பஸ் வருவதில்லை. 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழி அது. அங்கே எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் வேலை வேறு. இந்த வேறுபாட்டை நாங்கள் யாரும் பிள்ளைகளிடம் வாய் திறந்து சொன்னதில்லை. தானாகக் கண்டுபிடித்துக்கொண்டவர்கள் படித்தார்கள். கண்டுபிடிக்காதவர்கள் வரையத் தொடங்கினார்கள்.

அடுத்த சிக்கல் கையேடுகளில் இருந்தது. ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டுத் தருவது வழக்கம். பிள்ளைகளும் புத்தகத்தின் ஓரத்தில் பென்சிலால் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். தோளில் மாட்டும் ஸ்கூல் பேக், பொட்டலத்தைப் பேக் பண்ணுவது, சைக்கிளின் பேக் டயர் ஆகிய மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே 'பேக்' தான். அடுப்புக்கு வரும் கேஸும் போலீஸ் போடும் கேஸும் ஒன்றுதான். டிரைவரும் டிக்கெட்டும் ஒரே டகரத்தில் தொடங்குகின்றன. பென்சில் குறிப்பை நம்பிப் படிக்கும் பிள்ளைக்குத் தேர்வில் எந்தப் பேக் எந்த எழுத்தில் தொடங்கும் என்பதை நினைவில் வைக்க ஒரு பிடிமானமும் இல்லை.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது ஒன்று உண்டு. வாயில் இந்தக் குழப்பம் கிடையாது. எங்கள் பிள்ளைகள் பஸ் என்பதையும் பாஸ் என்பதையும் வேறு வேறு பகரமாகத்தான் சொல்கிறார்கள். டிரைவரின் டகரமும் டிக்கெட்டின் டகரமும் அவர்கள் நாக்கில் வேறு வேறு. பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகிய சொற்கள் அவை. அவர்கள் காதுக்குத் தெரிந்திருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை. வேறுபாடு ஏற்கெனவே அவர்களிடம் இருக்கிறது என்றால், அதற்கு ஓர் எழுத்தைக் காட்டிக்கொடுப்பது மட்டுமே நம் வேலை என்று எனக்குத் தோன்றியது.

இஸ்கூல், இஸ்டூல், பஸ்ஸு, டேங்கு என்று பிள்ளைகள் சொல்வதை நாங்கள் திருத்தித் திருத்திச் சலித்திருந்தோம். அதையும் தமிழய்யாதான் வேறு விதமாகப் பார்க்கச் சொன்னார். தமிழில் தனி மெய் சொல்லுக்கு முதலில் வராது. அதனால் இகரம் ஒன்றை முன்னால் போட்டுக்கொள்கிறார்கள். வல்லின மெய் சொல்லின் இறுதியில் நிற்காது. அதனால் உகரம் ஒன்றைப் பின்னால் சேர்த்துக்கொள்கிறார்கள். இரயில் என்று பழைய அச்சில் எழுதினார்களே, அதே இலக்கணம்தான் இந்தப் பிள்ளைகளின் வாயிலும் இருக்கிறது என்றார். அதைக் கேட்டபின் இஸ்கூல் என்று சொல்லும் பிள்ளையைப் பார்த்து யாரும் சிரிக்கக் கூடாது என்று வகுப்பில் சட்டமே போட்டுவிட்டேன். காரணத்தைச் சொல்லித் திருத்தினால் அவர்கள் விரைவில் திருத்திக்கொள்கிறார்கள். சிரித்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

நால்வரும் உட்கார்ந்து பேசிய கூட்டம் சுமுகமாக நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பின் ஒவ்வொரு ஆங்கிலப் பாடவேளையிலும் முதல் பதினைந்து நிமிடத்தை எழுத்து ஒலிக்கும் வாய்விட்டு வாசிப்பதற்கும் ஒதுக்கலாம், ஆறு வாரம் அப்படிச் செய்து பார்க்கலாம் என்று கேட்டேன். எங்களில் மூத்தவரான ஆசிரியர் ஒப்புக்கொள்ளவில்லை. நாற்பது நிமிடத்தில் பதினைந்து போனால் போர்ஷன் முடியாது, நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அடுத்த வருஷம் பப்ளிக்கில் மார்க் குறைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். முப்பதாண்டுகளை நெருங்கும் அனுபவத்திலிருந்து வந்த கேள்விகள் அவை. ஒன்றையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இரண்டு பிரிவுகளையும் கலைத்து, படிக்கத் தெரிந்தவர்களைத் தான் அழைத்துக்கொண்டு போய் துணைப்பாடக் கதைகளை வாசிக்க வைப்பதாகவும், மற்றவர்களை நான் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கால அட்டவணையில் இரண்டு பிரிவுக்கும் ஒரே நேரத்தில் ஆங்கிலம் வரும்படி மாற்ற, உதவித் தலைமையாசிரியர் இரண்டு நாள் கட்டம் போட்டுப் போட்டு அழித்தார்.

முதல் நாள் நான் எடுத்த சொற்கள் இரண்டே: பஸ், பாஸ். பள்ளிக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பையில் அரசு கொடுக்கும் இலவச பஸ் பாஸ் இருக்கும். அதை வெளியே எடுக்கச் சொல்லி, குரல்வளையில் விரலை வைத்துக்கொண்டு பஸ் என்று தொடங்கச் சொன்னேன். பிறகு பாஸ். முதல் சொல்லின் தொடக்கத்திலேயே தொண்டை அதிர்கிறது. இரண்டாவதில் அந்த அதிர்வு சற்றுப் பின்னால்தான் வருகிறது. நாற்பது பேர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பஸ், பாஸ், பஸ், பாஸ் என்று சொன்னபோது வெளியே போன உடற்கல்வி ஆசிரியர் நின்று பார்த்தார். அதன்பிறகு கரும்பலகையில் இரண்டு கோடு போட்டு, இரண்டுக்கும் வலப்பக்கம் ஒரு வயிறு வரைந்தேன். கம்பு மேலே நீண்டால் பஸ். கீழே நீண்டால் பாஸ். எழுத்தின் பெயரை அன்று நான் சொல்லவே இல்லை. அடுத்த நாள் டிரைவரும் டிக்கெட்டும். அதற்கடுத்து கேஸும் கேஸும்.

பாடநூலுக்கு வெளியே சொற்களைத் தேட எங்களுக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. பம்பு செட்டு, டியூப் லைட்டு, சார்ஜர், ரேஷன் கார்டு, டாக்டர், நர்ஸ், லாரி, டயர், பிரேக் என்று எங்கள் பிள்ளைகள் தமிழ் பேசும்போதே நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்களைச் சரியான பொருளில் புழங்குகிறார்கள். ஆங்கிலம் ஒன்றுமே தெரியாது என்று அவர்களைப் பற்றி நாம் சொல்வது தவறு; அவர்களும் தங்களைப் பற்றி அப்படி நம்பிக்கொண்டிருந்ததுதான் பெரிய இழப்பு. உரச் சாக்கு, பூச்சிமருந்து டப்பா, மாத்திரை அட்டை, பிஸ்கட் உறை என்று வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் கொண்டுவரச் சொன்னேன். பூச்சிமருந்து டப்பா வேண்டாம், உறையை மட்டும் கொண்டுவா என்று இரண்டாம் நாளே திருத்தமும் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் சரளமாகப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றாவது வாரத்திலேயே சிறு வாக்கியங்களுக்கு வந்துவிட்டார்கள். தமிழே தடுமாறியவர்கள் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களைத் தமிழய்யா மாலை நேரத்தில் தனியாக எடுத்துக்கொண்டார். தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்க வராத பிள்ளைக்கு ஆங்கிலத்தை மட்டும் ஊட்டிவிட முடியாது என்பதை அந்த ஏழு பேரிடமும் நேரில் கண்டேன்.

பி.எட். படித்த காலத்தில் முறைகளின் வரலாறு என்று ஒரு பகுதியை உருப்போட்டிருக்கிறேன். 1950-களின் இறுதியில், அன்றைய சென்னை மாநிலத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு ஆயிரக்கணக்கான தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக வாய்மொழியாகப் பயிற்றும் முறையைக் கொண்டுவந்தார்கள். அது போதாது என்று கண்டு, ஆங்கிலக் கற்பித்தல் அறிஞரான என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் பள்ளிகள் சிலவற்றில் ஒரு பரிசோதனை நடத்தினார். இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, அதிலுள்ள சிக்கலை ஆங்கிலத்தில் யோசித்துத் தீர்க்க வைத்தால் மொழி தானே படியும் என்பது அவருடைய கருத்து. பணி வழிக் கற்பித்தல் என்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு இது முன்னோடிகளில் ஒன்று. என் சொந்த மாவட்டத்தின் பெயர் அதில் இருப்பதை அப்போது இரண்டு மதிப்பெண் செய்தியாகத்தான் படித்தேன். இன்று பத்தாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு சிறு வரைபடத்தைக் கொடுத்து, வழி தெரியாதவருக்கு வழி சொல் என்று கேட்கும் வினாவைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பரிசோதனை நினைவுக்கு வருகிறது. நல்ல வினா அது. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதற்கும் நேராகப் போ, இடப்பக்கம் திரும்பு என்ற இரண்டு வரியை மனப்பாடம் செய்து, எந்த வரைபடம் வந்தாலும் அதையே எழுதுகிறார்கள். மேலிருந்து வந்த ஒவ்வொரு முறையும் அறிவாளிகள் யோசித்துச் செய்ததே. அவற்றில் எதையும் நான் குறைசொல்லவில்லை. பயிற்சி வகுப்புகளில் நாங்கள் வாங்கிவந்த எல்லாவற்றுக்கும் அடியில், பிள்ளைக்குப் படிக்கத் தெரியும் என்ற நம்பிக்கை ஒன்று கேள்வி கேட்கப்படாமல் கிடந்தது.

ஐந்தாவது வாரம் அந்த ரயில் அட்டவணைக்குப் பதிலாகப் பண்ருட்டி பேருந்து நிலையத்தின் நேரப் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி வகுப்பில் ஒட்டினோம். காலை எட்டு மணிக்குள் கடலூரில் இருக்க வேண்டும், எந்த பஸ்? விருத்தாசலத்தில் ரயில் பிடிக்க வேண்டும், எதில் ஏறலாம்? கேள்விகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன. இந்த ஊர்களையும் இந்த பஸ்களையும் என்னைவிட நன்றாக அறிந்த பிள்ளைகள், பட்டியலில் விரலை ஓட்டி, ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுப் பதிலைக் கண்டுபிடித்தார்கள். பட்டியலில் நான் ஒரு பஸ்ஸின் நேரத்தைத் தவறாக எழுதியிருந்ததையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

ஆறு வாரம் என்று தொடங்கியது ஆண்டு முழுக்க நீண்டது. எல்லோருக்கும் படிக்க வந்துவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான், அப்படி நடக்கவில்லை. நீண்ட சொற்களில் இன்னும் தடுக்கி விழுகிறார்கள். வேலைக்குப் போய் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பள்ளிக்கு வரும் மூவருக்கு எங்களால் ஒன்றும் செய்ய இயலவில்லை. அரையாண்டுத் தேர்வில் பாடப்பகுதி முடியாமல் போய், நன்றாகப் படிக்கும் சிலருக்கு மதிப்பெண் குறைந்தது. மூத்த ஆசிரியர் எச்சரித்தது நடந்துதான் விட்டது. அதை அவர் சொல்லிக்காட்டவில்லை, ஜனவரியில் சனிக்கிழமைகளில் வந்து, விடுபட்ட பாடங்களை முடித்துக் கொடுத்தார். முந்திரி உடைக்கும் வீட்டுப் பையன் அரையாண்டுக்கு முன் ஒருநாள் இடைவேளையில் என் மேசைக்கு வந்தான். கையில் வேறொரு ஜெராக்ஸ் தாள். "மிஸ், இங்க ஓரத்துல ஒரு எழுத்து போயிடுச்சு. இது டீச்சர் தானே? ஆர் வரணும்" என்று சொல்லி, என் பேனாவை வாங்கி, வெட்டுப்பட்ட வரிகளின் கடைசியில் ஒவ்வொரு எழுத்தாகச் சேர்த்தான். இரண்டு இடத்தில் தவறாகச் சேர்த்தான். அந்தத் தாளில் அவன் விரல் பதிந்த கறுப்பு இருந்ததா என்று பார்க்கத் தோன்றாமல், தாளை அவனிடமே கொடுத்து அனுப்பிவிட்டேனே என்று பிறகு வருந்தினேன்.

தொடக்க வகுப்புகளுக்கு 2022-இல் எண்ணும் எழுத்தும் என்ற அரசுத் திட்டம் வந்தது. ஆறாம் வகுப்பு முதல் அடிப்படையில் பின்தங்கியவர்களுக்கென்று 2025-இல் திறன் இயக்கம் வந்திருக்கிறது. எங்கள் நால்வர் மேசையில் தட்டுத்தடுமாறிச் செய்ததை இனி ஆணையின் பலத்தோடு செய்யலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். எனக்கு இருக்கும் அச்சம் வேறு. ஒரு பள்ளியின் ஆங்கில ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்துகொள்வதெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. மாறுதல் கலந்தாய்வில் ஒருவர் சொந்த ஊருக்குப் போனால் அவர் தெரிந்துகொண்டதும் அவரோடு பஸ் ஏறிவிடுகிறது. அதற்காகவே ஒரு நானூறு பக்க நோட்டுப் போட்டேன். எந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி பிடிபடவில்லை, எந்தச் சொல்லில் தொடங்கியபோது பிடிபட்டது, எது பலிக்கவில்லை என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். நோட்டும், சாக்குத்துணியும் உறைகளும் வெட்டி ஒட்டிய அட்டைகள் நிறைந்த பிஸ்கட் டப்பாவும் பச்சை பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பீரோவின் கதவுக்கும் இப்போது புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. மூத்த ஆசிரியர் ஓய்வுபெறும் முன் தன் பங்குக்கு அதில் பதினோரு பக்கம் எழுதினார். படிக்கத் தெரிந்த பிள்ளைகளும் பொருள் தெரியாமலேயே படிக்கிறார்கள் என்பதைப் பற்றி. அது எங்களுக்கு அடுத்த வேலை.

இந்த ஆண்டு எனக்கு ஆறாம் வகுப்பும் கொடுத்திருக்கிறார்கள். பஸ் பாஸ் பாடம் எடுத்த அன்று, முன்வரிசையில் ஒரு சிறுமி கழுத்திலிருந்து கையை எடுக்காமலேயே கேட்டாள்.

"அப்போ தமிழ்ல மட்டும் ஏன் மிஸ் ரெண்டுக்கும் ஒரே ப?"

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது கேட்க வேண்டியவரிடம் கேட்க வேண்டிய கேள்வி என்று தோன்றியதால், இடைவேளையில் அவளை ஆசிரியர் அறைக்கு அழைத்துப் போனேன். தமிழய்யா டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, அறிவிப்புப் பலகையின் மூலையில் சாக்பீஸால் பம்பரம் என்று எழுதினார். "இதுல எத்தனை ப இருக்கு?" என்றார். இரண்டு என்றாள். "கையைத் தொண்டையில வெச்சு மெதுவாச் சொல்லிப் பாரும்மா."

சொன்னாள். கண்ணை அகல விரித்து என்னைப் பார்த்தாள். மறுபடி சொன்னாள். மணி அடித்து வகுப்புக்குத் திரும்பும் வழியெல்லாம், தாழ்வாரத்தில் எனக்கு இரண்டடி முன்னால், கழுத்தில் கையை வைத்துக்கொண்டு பம்பரம், பம்பரம் என்று சொல்லிக்கொண்டே போனாள்.